கிதாரில் எழும் ‘ஹம்’ இரைச்சல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் எலக்ட்ரிக் கிதார் வாசிக்கிறேன். அதில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் ஒற்றைச் சுருள் பாகங்கள்) உள்ளன. ஆம்பிளிஃபயரை இயக்கியதும் ஓயாத இரைச்சல் எழுகிறது. பிக்கப்புகள் அமர்ந்திருக்கும் குழியில் மெல்லிய செப்புத் தகடு ஒட்டிய பிறகு கரகரப்பு குறைந்தது. அடியில் கேட்கும் ‘ம்ம்’ என்ற ஒலி மட்டும் அப்படியே இருக்கிறது. கம்பிகளைத் தொட்டால் இரைச்சல் சற்றுத் தணிகிறது. தகடு ஒட்டியதில் ஏதேனும் பிழையா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பிழை இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் காதில் விழுவது இரண்டு இரைச்சல்கள். அவை வெவ்வேறு வழிகளில் கிதாருக்குள் நுழைகின்றன. தகடு அவற்றுள் ஒன்றைத்தான் தடுக்கும்.

தலைமுடியளவே தடிமனுள்ள, எனாமல் பூசிய செப்புக் கம்பியைக் காந்தத் துண்டுகளைச் சுற்றி ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றினால் கிடைப்பதே சிங்கிள் காயில் பிக்கப். அதன் காந்தம், மேலே செல்லும் எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம், அதாவது சுருளைக் கடக்கும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, மாறுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தபடி, அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஆனால் பாயத்தை மாற்றியது கிதார்க் கம்பியா, அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரா என்று பிரித்தறியும் திறன் அந்தச் சுருளுக்குக் கிடையாது. நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்; அதுவும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் சேர்ந்ததே அந்த ‘ம்ம்’. கிதாரின் மிகத் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால் இந்த இரைச்சல் இசை ஒலிக்கும் எல்லைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதை வடிகட்ட முயன்றால் இசையின் ஒரு பகுதியும் உடன் போய்விடும்.

காந்தப்புலம் செப்பைக் கடக்கும்போது அதில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றிப் புலத்தை எதிர்க்கும் என்பது உண்மைதான். எனினும் 50 ஹெர்ட்ஸில் அந்த எதிர்ப்பு பயன் தரவேண்டுமானால் செப்பு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அளவிலாவது தடித்திருக்க வேண்டும். நீங்கள் ஒட்டிய தகடோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

கரகரப்பின் கதை வேறு. சுவருக்குள் ஓடும் வயர்கள், டியூப் லைட், விளக்குகளின் டிம்மர், மின்வெட்டு நேரத்தில் சதுர அலை தரும் இன்வெர்ட்டர் ஆகியவற்றிலிருந்து வரும் மின்புலம் அது. எர்த்துடன் இணைந்த எந்த உலோக உறையும், எவ்வளவு மெல்லியதாயினும், அதைத் தடுத்துவிடும். தகட்டின் துண்டுகள் அனைத்தும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு, ஜாக்கின் (கேபிளைச் செருகும் துளையின்) எர்த் முனையுடன் இணைந்துள்ளனவா என்பதை மட்டும் மல்டிமீட்டரால் சோதித்துக்கொள்ளுங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் தணிவதற்கும் காரணம் இதுவே: நம் உடல் அறையின் மின்புலத்தை ஏற்றுக் கிதாருக்குக் கடத்துகிறது; எர்த்துடன் இணைந்த கம்பியைத் தொட்டதும் உடலே ஒரு தடுப்பாக மாறிவிடுகிறது.

செலவு செய்யுமுன் ஒரு சோதனை. ஆம்பிளிஃபயரை இயக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ‘ம்ம்’ ஏறக்குறைய மறையுமானால் அது காந்தப்புலத்தால் வருவது உறுதி. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் தொலைவு கூடக்கூட மிக வேகமாகக் குறைவதால், ஆம்பிளிஃபயரையும் ஸ்டெபிலைசரையும் விட்டு இரண்டு மூன்று அடி விலகி நிற்பதே பெரும் வேறுபாட்டைத் தரும்.

கேள்வி: ஹம்பக்கர் பிக்கப் பொருத்தினால் இரைச்சல் தீரும் என்கிறார்கள். கிதாரின் தொனி மாறிவிடுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரைச்சல் பெருமளவு தீரும், தொனியும் மாறும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1959இல் பெற்ற அந்த அமைப்பில் இரண்டு சுருள்கள் உள்ளன. அவை எதிரெதிர்த் திசைகளில் இணைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. காந்தங்களின் துருவங்களும் எதிரெதிராக இருப்பதால் கம்பியின் ஒலி மட்டும் இருமுறை மாறி, மீண்டும் ஒரே திசைக்கு வந்து கூடுகிறது. எனக்குத் தெரிந்த மின்னணுப் புதுமைகளில் இவ்வளவு எளிமையும் அழகும் வாய்ந்தவை மிகச் சிலவே.

ஆனால் இரண்டு சுருள்களும் தொடராக இணையும்போது மின்தூண்டல் எண் கூடி, உச்ச அதிர்வெண்கள் மங்குகின்றன. கம்பியை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் உணர்வதாலும் மேல்சுரங்கள் சில குறைகின்றன. சிங்கிள் காயிலின் கணீரென்ற ஒலிக்காகவே அந்தக் கிதாரை வாங்கியிருந்தால், பிக்கப்பை மாற்றாதீர்கள் என்பதே என் கருத்து. மூன்று பிக்கப் கொண்ட இன்றைய கிதார்கள் பலவற்றில் நடுப் பிக்கப் எதிர்த் திசையில் சுற்றப்பட்டு, துருவம் மாற்றப்பட்டு வருகிறது. ஐந்து நிலை சுவிட்சின் 2, 4ஆம் நிலைகளில் நடுப் பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிப்பதால், அவற்றில் வாசித்தால் கூடுதல் செலவின்றியே ‘ஹம்’ அடங்கிவிடும்.

கேள்வி: ஆம்பிளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறது. அப்படியே பயன்படுத்தலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கூடாது, இன்றே மீண்டும் பொருத்துங்கள். கிதாரின் கம்பிகள் ஆம்பிளிஃபயரின் உலோகச் சட்டத்துடன் இணைந்துள்ளன. எர்த் இல்லாதபோது உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் 230 வோல்ட் கம்பிகளுக்கே வந்துவிடக்கூடும். அவற்றைப் பிடித்தபடி எர்த் செய்யப்பட்ட மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. பின்னைக் கழற்றியதும் இரைச்சல் நின்றதென்றால், ஆம்பிளிஃபயரும் மிக்ஸரும் இரு வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டு, இடையே ஒரு வளையம் உருவாகியிருக்க வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். அதன் பின்னும் இரைச்சல் எஞ்சினால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலிச் சைகையை மிக்ஸருக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் சிறு பெட்டி) ஒன்றை இடையில் சேர்த்து, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். அது ஒலிக் கேபிளின் எர்த் தொடர்பை மட்டுமே துண்டிக்கும். மின் இணைப்பின் எர்த் அப்படியே இருக்கும்.