கிறிஸ்துமஸ் குடிலைக் கடையில் எதுவும் வாங்காமல், வீட்டில் கிடக்கும் பழைய பொருட்களை வைத்தே அமைக்க முடியுமா?

முடியும். சொரூபங்கள், அதாவது குழந்தை இயேசு, மரியா, இடையர், ஆடு மாடு பொம்மைகள், ஏற்கெனவே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தேவைப்படுவது அரைக் கிலோ மைதாவும் ஒரு கை கேழ்வரகும்தான். அதுவும் அநேகமாக அடுப்படியிலேயே இருக்கும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. "அட்டைப்பெட்டி, பழைய புடவை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இந்தச் சாக்கில் தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்கிறீர்கள். தீர்ப்பதற்காகக் குடில் செய்யாதீர்கள். கழிவிலிருந்து கலை என்று யூடியூபில் வருவதில் பாதி, நல்ல குப்பையைக் கெட்ட குப்பையாக்கும் வேலை. வெறும் பிளாஸ்டிக் பாட்டிலைக் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அதையே வெட்டி, பசை தடவி, ஜிகினா தூவி மணியாகத் தொங்கவிட்டால் ஜனவரியில் அவரும் தொடமாட்டார். மறுபயன்பாடு என்றால், என்னைக் கேட்டால், குடிலின் மாட்டுக்கொட்டகையும் அதன் பின்னால் நிற்கும் காகித மலையும் அடுத்த டிசம்பரில் கட்டிலுக்கடியிலிருந்து திரும்ப வெளியே வர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

நீங்கள் ஃபிளாட்டில் இருப்பவர், 3 அடிக்கு 2 அடி மேசை ஒன்று கிடைக்கும், சொரூபங்கள் 6 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன். நிற்கும் சொரூபங்களில் உயரமானது எதுவோ அதுதான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். கொட்டகையின் முன்வாசல் அதைப்போல ஒன்றரை மடங்கு உயரம், அதாவது 9 அங்குலம். அகலம் 12, ஆழம் 8. பின்னால் மலை 15 முதல் 18 அங்குலம். இதற்குமேல் போனால் பாலன் இயேசுவைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். ஆடுகள் பல அளவில் இருந்தால் பெரியவை முன்னால், சிறியவை மலைமேல். தூரம் தானாகவே வந்துவிடும்.

மலையை ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் மலை குப்பைக்குப் போவதற்குக் காரணம் அழகில்லாமை இல்லை, வைக்க இடமில்லாமை. ஒரு அடி அகலத்தில் மூன்று துண்டுகள் செய்து, இடுக்கைத் தேங்காய் நாரால் மறைத்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் அடியில் தடித்த அட்டை ஒன்று. அதன்மேல் சிறிய அட்டைப்பெட்டிகளைப் படிப்படியாக அடுக்கி, இடைவெளிகளில் கசக்கிய செய்தித்தாள் உருண்டைகளை வைத்துக் காகித டேப்பால் இறுக்குங்கள். பசை, அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கம் ஊறி, காயும்போது இழுத்து வளைந்துவிடும். அதனால் அடிப்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

பசைக்கு 100 கிராம் மைதாவை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 400 மில்லி தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும், அதுதான் பதம். மூன்று துண்டு மலைக்கு இதுபோல மூன்று தடவை காய்ச்ச வேண்டியிருக்கும். ஒரேயடியாகக் காய்ச்சி வைத்தால் இரண்டாம் நாளே புளித்துவிடும். ஃபெவிகால் மீதி இருந்தால் இரண்டு கரண்டி சேர்க்கலாம். பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் வேண்டாம். உப்புப் போடு என்பார்கள் சிலர். கடலோர ஊர்களில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் காகிதத்தை நமத்துப்போக வைக்கும். நாலைந்து சொட்டு கிராம்புத் தைலம் அதைவிட மேல், பூஞ்சையைத் தள்ளிப்போடும்.

முதல் நாள் செய்தித்தாளைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்து இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். கத்தரியால் வெட்ட வேண்டாம், கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று படியும். ஒரு முழுநாள் மின்விசிறிக்குக் கீழே காயட்டும். மறுநாள் பார்சல்களில் திணித்து வரும் பழுப்புக் காகிதத்தை நன்றாகக் கசக்கி, பசையில் நனைத்துப் பிழிந்து, பாதி விரித்து மேலே போர்த்துங்கள். கசங்கிய மடிப்புகளே பாறை விளிம்புகள். அவற்றை அமுக்கித் தட்டையாக்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் டிசம்பர் வடகிழக்குப் பருவமழை முடியாத மாதம். அவசரப்பட்டு ஒரே நாளில் ஐந்தாறு அடுக்கு ஒட்டினால் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்து, 24-ஆம் தேதி வாக்கில் கறுப்புப் புள்ளிகளும் புளித்த வாடையும் வரும். 24-க்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கினால் போதும்.

நிறத்துக்கு, சுவருக்கு அடித்த டிஸ்டெம்பர் மீதி இருந்தால் அதுவே. இல்லாவிட்டால் காவித்தூளும் கரித்தூளும். ஒரு பங்கு ஃபெவிகாலை நாலு பங்கு தண்ணீரில் கரைத்து அதில் குழையுங்கள், வெறும் தண்ணீரில் குழைத்தால் காய்ந்தபின் தொட்டவர் கையெல்லாம் காவி. முதலில் அடர்நிறத்தைப் பள்ளங்களுக்குள்ளும் போகும்படி முழுக்கப் பூசுங்கள். காய்ந்ததும் வெளிர்நிறத்தைத் தூரிகையில் தொட்டு, பழைய துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மடிப்புகளின் முனையில் மட்டும் லேசாக இழுங்கள். அப்போதுதான் காகிதம் பாறையாகும். அடிப்பக்கத்துக்கும் பூசிவிடுங்கள். மைதா வாசனைக்குக் கரப்பானும் எலியும் வரும், பூச்சு அதைப் பெருமளவு மறைக்கும்.

கொட்டகைக்குப் பழக்கடை மரப்பெட்டியின் பலகைகளோ நன்றாகக் காய்ந்த குச்சிகளோ போதும். பச்சைக் குச்சி வேண்டாம், காயும்போது சுருங்கிக் கட்டு நெகிழும். சுவர்களை ஒட்டாதீர்கள். மூலைகளில் சணலால் கட்டுங்கள், ஜனவரியில் அவிழ்த்தால் தட்டையாகப் பெட்டிக்குள் போய்விடும். வைக்கோலை ஒருநாள் வெயிலில் போட்டு உதறிவிட்டு விரற்கடைத் தடிமனில் சிறு கட்டுகளாகக் கட்டி, கூரையின் கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி வேயுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் கட்டின் முடிச்சுகள் எல்லாம் வெளியே தெரியும். வைக்கோல் கிடைக்காவிட்டால் பழைய பூந்துடைப்பத்தைக் கழுவிக் காயவைத்து வேயலாம். துடைப்பத்தைக் கொண்டுபோய்க் குடிலிலா என்று கருத்துப் பெட்டிக்கு ஓடி வராதீர்கள். குழந்தை இயேசு மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டியில் கிடத்தப்பட்டார் என்றுதான் பைபிளில் லூக்கா எழுதியிருக்கிறார். 1223-ல் கிரேச்சோ என்ற இத்தாலியக் கிராமத்தில் புனிதர் பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் இருந்ததும் தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதைதான். மனம் ஒப்பவில்லை என்றால் பனையோலை வையுங்கள், சண்டை வேண்டாம்.

புல்வெளியைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். கோதுமை சீக்கிரம் வளரும் என்று விதைப்பார்கள். பத்து நாளில் அது ஐந்து அங்குலம் ஏறி, 6 அங்குல இடையர் கழுத்தளவுப் புல்லில் நிற்பார். சிறிய சொரூபங்களுக்குக் கேழ்வரகுதான் சரி, மெல்லியதாக ஒன்றிரண்டு அங்குலத்தில் நிற்கும். ஒரு அடிக்கு எட்டு அங்குலத் தட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். பழைய இருப்பாக இருந்தால் முதலில் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், பாதிகூட முளைக்கவில்லை என்றால் வேறு வாங்குங்கள். எட்டு மணிநேரம் ஊறவைத்து, வடித்து, ஒரு இரவு துணியில் கட்டி வையுங்கள். இனிப்புப் பெட்டியின் மூடிக்குள் பால் கவரை வெட்டி விரித்து, தென்னை நார்க்கழிவும் மண்ணும் கலந்து ஒரு அங்குலம் பரப்பி, விதை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தூவுங்கள். ஈரத்துணி போட்டு இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு, பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். 14-ஆம் தேதி விதைத்தால் 24-க்குத் தயார். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் நாலைந்து நாள் முன்னதாக.

மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரியும். பூஞ்சை என்று பயந்து தட்டோடு கொட்டுபவர்கள் அநேகம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, அப்படியே விடுங்கள். படியாமல் மண்மேலும் படர்ந்திருந்தால்தான் பூஞ்சை. குடிலுக்குள் வைத்த புல், வெளிச்சம் இல்லாமல் நாலைந்து நாளில் மஞ்சளடிக்கும். மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6, அல்லது அதையொட்டிய ஞாயிறு. அதுவரை பச்சை வேண்டுமென்றால் 20-ஆம் தேதி வாக்கில் இன்னொரு தட்டு விதைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய தட்டு பக்கத்துத் தெரு ஆட்டுக்கு.

குளத்துக்கு ரசம் போன கண்ணாடி ஒன்று, ஓரத்தில் மணல். நிஜத் தண்ணீர் வேண்டாம், பக்கத்திலேயே மின்கம்பி ஓடுகிறது. வானத்துக்குக் கருநீலப் புடவையைப் பின்னால் தொங்கவிடுங்கள். பசை படாமல் மாட்டினால் புடவை புடவையாகவே பீரோவுக்குத் திரும்பும்.

பனிக்காகத் தெர்மாகோல் உருண்டைகளைத் தூவுவது எனக்கு ஆகவே ஆகாது. மின்விசிறி போட்டதும் வீடெல்லாம் பறக்கும், துடைப்பத்தில் ஒட்டும், கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும். பெத்லகேமில் எப்போதாவது பனி விழுவது உண்மைதான், ஊர் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனால் இடையர்கள் ராத்திரி வயல்வெளியில் தங்கி மந்தைக்குக் காவலிருந்தார்கள் என்கிறது நற்செய்தி. அதில் பனியே இல்லை. ஆனாலும் கோயில் பங்குகளில் அன்பியங்கள் எனப்படும் குடும்பக் குழுக்களுக்கிடையே நடக்கும் குடில் போட்டிகளில் நடுவர்களுக்குத் தெர்மாகோல் பனியும் மோட்டார் அருவியும் இருந்தால்தான் கண்ணில் படுகிறது. ஓலையும் மண்ணும் வைத்தவர்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ்.

விளக்குக்கு வருகிறேன். காகிதமும் வைக்கோலும் சேர்ந்த இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. ஜீரோ வாட் என்று சொல்லும் பழைய குண்டு பல்பு நிஜத்தில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும், வைக்கோலைத் தொட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க எரிந்தால் கருக்கிவிடும். மலிவான சீரியல் செட் பலவற்றில் கம்பி மெல்லிது, 230 வோல்ட் நேராக ஓடும். யூஎஸ்பி முனை வைத்த 5 வோல்ட் எல்இடி சரம் வீட்டில் இருந்தால் மேசை டிராயரில் கிடக்கும் பழைய மொபைல் சார்ஜரிலேயே எரியும், பிள்ளைகள் தொட்டாலும் அபாயமில்லை. மஞ்சள் ஒளியைக் கொட்டகைக்குள் கூரையின் அடியில் ஒளித்து வையுங்கள், பல்பு தெரியக்கூடாது, வெளிச்சம்தான் தெரிய வேண்டும். நீலம் இருந்தால் மலைக்குப் பின்னால். கண்சிமிட்டும் விளக்கு தேவையில்லை என்பது என் ரசனை, உங்களுக்குப் பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

சொரூபங்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள், ஊறி உதிரும். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, சற்றே ஈரமான துணியால் ஒற்றி எடுங்கள். கை, காது உடைந்திருந்தால் சாக்பீஸை நுணுக்கி, மூன்று பங்குத் தூளுக்கு ஒரு பங்கு ஃபெவிகால் சேர்த்துப் பிசையுங்கள். பெரிய உடைசலுக்கு உள்ளே ஒரு துண்டுக் கம்பி. ஒருநாள் காய்ந்தபின் தேய்த்து வண்ணம் பூசலாம். ஆடு மாடு குறைந்தால் கொலுப் பொம்மை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் இரவல் கேளுங்கள், தப்பேயில்லை. மதுரை விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் அதே கைகள்தான் குடில் சொரூபமும் செய்கின்றன.

கலைக்கும்போது சொரூபங்களைத் தனித்தனியாகப் பழைய பனியன் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை வெள்ளைச் சொரூபத்தில் ஏறும். மலைத் துண்டுகளை ஒருநாள் வெயிலில் காட்டி, அந்துருண்டை போட்டு, பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளலாம். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். விளக்குச் சரத்தையும் சார்ஜரையும் சொரூபப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடிவிடுங்கள். வெளியே வைத்தால் பிப்ரவரிக்குள் யாராவது போனுக்கென்று எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.