‘பள்ளிகளுக்கு விடுமுறை’யைப் பிழையில்லாமல் வாசிக்க வருமா? செய்தி வாசிப்பாளர் வேலை: கேள்வி பதில்

தமிழ்த் தொலைக்காட்சிகளில் செய்தி வாசிக்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

திண்டுக்கல், கல்லூரி மாணவி: அக்கா, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தவர்களை மட்டும்தான் எடுப்பார்களா?

இல்லைம்மா. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். இதழியல் படித்திருந்தால் பழகும் காலம் குறையும், அவ்வளவுதான். தனியார் சேனலில் முதலில் செய்தி எழுதித் தொகுக்கும் டெஸ்க்கில் உதவி ஆசிரியராகச் சேருங்கள். செய்தி எழுதிப் பழகியவருக்குத்தான் இரண்டே வரித் தகவல் கையில் இருக்கும்போது நான்கு நிமிடம் பேச வரும். ஊரில் கேபிள் சேனல் இருந்தால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எழுதுவது, வாசிப்பது, சில நாள் எடிட்டிங் என்று எல்லாமே உங்கள் தலையில்தான் விழும். அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பத்மினி பிரகாஷ் 2014 ஆகஸ்ட் 15 அன்று திருநங்கைச் செய்தி வாசிப்பாளராக நாடு முழுவதும் பேசப்பட்டது கோவையின் லோட்டஸ் நியூஸ் என்ற உள்ளூர் சேனலிலிருந்துதான்.

தூர்தர்ஷனிலும் ஆகாசவாணியிலும் பகுதிநேர வாசிப்பாளர் பட்டியல் ஒன்று உண்டு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் குரல் தேர்விலும் தேற வேண்டும். அழைக்கிற நாளுக்கு மட்டும்தான் ஊதியம். அதை நம்பிக் கையில் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஈரோடு: வாசிப்பாளர், நெறியாளர் இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. ஷோபனா ரவி, ஃபாத்திமா பாபு போன்றவர்கள் அங்கே வாசித்த காலத்தில், குறித்த நேரத்துச் செய்தியறிக்கையைத் தெளிவாக வாசித்து முடிப்பதே வேலை. 24 மணி நேரச் செய்தி சேனல்கள் வந்தபின் நேரலை, தொலைபேசிப் பேட்டி, விவாதம் எல்லாம் சேர்ந்துகொண்டன. விவாதம் நடத்துகிறவர் நெறியாளர். நல்ல வாசிப்பாளர் எல்லோரும் நல்ல நெறியாளர் ஆகிவிடுவதில்லை. அதற்குப் பல ஆண்டு அரசியல் வாசிப்பு வேண்டும்.

கடலூர்: எனக்கு ழகரம் வரும். ஆனாலும் உச்சரிப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

எல்லோரும் ழகரத்தில் மட்டும் கவனம் வைக்கிறார்கள். தேர்வில் பலர் விழுவது லகர ளகரத்தில். ‘பள்ளிகளுக்கு விடுமுறை’யில் நாக்கு வளையாவிட்டால் பல்லிகளுக்கு விடுமுறை. ‘ஊருக்குள் வெள்ளம்’ என்பது வெல்லமாகிவிடும். ணகரமும் அப்படித்தான்: ‘பணி நியமன ஆணை’ பனியாகிவிடும்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொட வேண்டும். ள சொல்லும்போது நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ழவுக்கும் அதே வளைவுதான், ஆனால் தொடக் கூடாது. தனிச் சொற்களைச் சொல்லிப் பழகினால் போதாது. வேகமாக வாசிக்கும்போதுதான் ளகரம் நழுவும். நாளிதழின் ஒரு பத்தியை எடுத்து ள, ழ, ண, ற எல்லாவற்றையும் வட்டமிட்டு, மெதுவாக ஒருமுறை, செய்தி வேகத்தில் இருமுறை வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். தினமும் 20 நிமிடம் போதும்.

தஞ்சாவூர்: எண்கள் வந்தால் தடுமாறுகிறேன் அக்கா.

எண்ணை நேரலையில் கணக்குப் போடக் கூடாது, முன்பே எழுத்தாக்கிவிட வேண்டும். ப்ராம்ப்டரில் (வாசிக்க வேண்டிய வரிகளை கேமரா முன் ஓட்டிக் காட்டும் திரை) 1,09,40,500 என்று இருந்தால் கண் நின்றுவிடும். ‘ஒரு கோடியே ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்து ஐந்நூறு’ என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றையும் தனியாகப் பழகுங்கள்.

மேட்டூர் அணைச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ‘தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு ஏழு’ என்பதுதான் சரி, ‘புள்ளி நாற்பத்தேழு’ அல்ல. நீர்மட்டத்துக்கு அடி, நீர்வரத்துக்கு விநாடிக்கு இத்தனை கன அடி. அந்த ‘விநாடிக்கு’ விடுபட்டால் டெல்டா விவசாயிக்கு அந்த எண்ணால் பயனே இல்லை.

விருதுநகர்: மூச்சு வாங்குகிறது. எங்கே நிறுத்துவது?

மூச்சுக் குறைவு இல்லை, இடம் தவறுகிறது. ‘சாலையைக் கடக்க முயன்ற முதியவர் மீது / அதிவேகமாக வந்த லாரி மோதியது’. கோடு போட்ட இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். ‘முயன்ற’, ‘வந்த’ போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் நின்றால் அவை சேர வேண்டிய பெயர் துண்டாகிவிடும். ‘சட்டப் பேரவைக் கூட்டத்தை’ என்று ஒற்று மிகும் இடத்திலும் நிற்காதீர்கள். கேட்கிறவர் திரும்ப ஓட்டிக் கேட்க முடியாது. ஒரே கேட்பில் யார் யாரை என்ன செய்தார் என்பது விளங்க வேண்டும். எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் நடுவே 15 சொல் இருந்தால் அந்த வாக்கியத்தையே இரண்டாக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மதுரை: ப்ராம்ப்டர் பார்த்து வாசித்தால் கண் இடவலமாக ஓடுவது தெரிகிறதே?

வரி அகலமாக இருக்கிறது. வரிக்கு மூன்று, நான்கு சொல் வருமாறு இரு ஓரங்களையும் குறைக்கச் சொல்லுங்கள். படிக்கிற வரி திரையின் நடுவே, லென்ஸ் மட்டத்தில் இருக்கட்டும். ப்ராம்ப்டர் ஓட்டுபவர் உங்கள் வேகத்துக்கு வர வேண்டும். அதைத் துரத்திக்கொண்டு நீங்கள் ஓடக் கூடாது. அச்சிட்ட தாளையும் கையில் வைத்து, ஒவ்வொரு செய்தி முடிந்ததும் ஒரு தாளைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். ப்ராம்ப்டர் நின்றுவிட்டால் தேட வேண்டியிருக்காது. அந்த நேரத்தில் முற்றுப்புள்ளியில் மட்டும் குனியுங்கள்.

நாகர்கோவில்: காதில் டாக்பேக் (கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் குரல்) ஒலிக்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது.

வீட்டிலேயே பழகலாம். ஒரு காதில் இயர்போன் வைத்து வானொலிச் செய்தியை ஓடவிட்டு, நாளிதழைச் சத்தமாக வாசியுங்கள். ஒரு வாரத்தில் வாய் நிற்காது. இரண்டாம் வாரம், காதில் கேட்டது என்ன என்று வாசித்து முடித்தபின் எழுதிப் பாருங்கள்.

சேலம்: என்ன உடுத்தலாம்?

பின்னால் பச்சைத் திரை என்றால் பார்டரில்கூடப் பச்சை வேண்டாம், அந்த இடத்திலும் பின்னணிப் படம் விழுந்து ஓட்டையாகத் தெரியும். நெருக்கமான மெல்லிய கோடுகள் திரையில் நெளியும். மைக் கழுத்துக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். தொங்கும் மாலையும் விறைப்பான பட்டு முந்தானையும் அதில் உரசினால் சரசரவென்று கேட்கும்.

திருநெல்வேலி, கேபிள் சேனல் வாசிப்பாளர்: பாலியல் வழக்குச் செய்தியில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் எழுதி வந்தது. நான் வாசித்தால் என் மீதும் தப்பா?

வாசிக்கவே வாசிக்காதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் வரும். பெயரை விட்டுவிட்டால் மட்டும் போதாது. தெரு, பள்ளி, பெற்றோர் பெயர் என எதைச் சொன்னாலும் சின்ன ஊரில் ஆள் தெரிந்துவிடும். உள்ளூர் சேனலுக்கு இந்தக் கவனம் பெரிய சேனலைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் பார்ப்பவர் எல்லோரும் அக்கம்பக்கத்தார். நேரலைக்கு முன் எழுதி வந்த செய்தி முழுவதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். நடுவில் கண்ணில் பட்டால் ‘அந்தப் பெண்’ என்று சொல்லிக் கடந்துவிடுங்கள்.

வேலூர்: டெமோ வீடியோவில் என்ன இருக்க வேண்டும்?

இரண்டு நிமிடம் போதும். ஐந்து தலைப்புச் செய்திகள், எண்கள் நிறைந்த ஒரு செய்தி, ஒரு மரணச் செய்தி, பிறகு தாள் இல்லாமல் உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் பற்றி 40 விநாடி. போனை நிலையாக வைத்து, கண் மட்டத்தில், மார்பளவுக்கு எடுங்கள். பின்னணி இசை சேர்க்காதீர்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது உங்கள் குரலைத்தான்.