டியூ எண்ணுள்ள டிரயம்பில் மேக்னெட்டோ ஏது?

கேள்வி: நான் விலை பேசியிருக்கும் டிரயம்ப் 650 வண்டியை, ‘1961 பான்வில், மேக்னெட்டோ வண்டி, பேட்டரியே தேவையில்லை’ என்கிறார் தரகர். பதிவு ஆவணத்திலும் 1961 என்றே இருக்கிறது. எஞ்சினில் பான்விலுக்குரிய டி120 என்ற முத்திரையும் டியூ என்று தொடங்கும் எண்ணும் உள்ளன. வண்டி சூடேறியதும் ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் பொருத்தினால் சரியாகுமா?

பதில்: கிட்டைப் பிறகு பார்ப்போம். டியூ வரிசை எண்கள் 1963 மாடல் பருவத்து வண்டிகளிலிருந்து 1968 வரை இடப்பட்டவை; எனவே அந்த எஞ்சின் 1961ஐச் சேர்ந்ததாக இருக்க முடியாது. 1959 முதல் 1962 வரை வந்த பான்விலில் கியர்பாக்ஸ் தனியாகவும், சிலிண்டர்களுக்குப் பின்னால், பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கிப் பொறி தரும் லூகாஸ் மேக்னெட்டோவும் இருந்தன. 1963இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வந்தபோது மேக்னெட்டோ விடைபெற்றுக்கொண்டது. அதன் இடத்தில், பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் இரண்டு காயில்களும், வலப்பக்க மூடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டு செட் பாயின்ட்டுகளும் வந்தன.

அப்படியானால் ஆவணத்தில் 1961 எப்படி வந்தது? வேறொரு வண்டியின் ஆவணத்தை இதனுடன் சேர்த்திருக்கலாம், அல்லது சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டிருக்கலாம். எண்ணைக் குனிந்து பார்க்காமலே ஆண்டை எழுதி முத்திரை குத்தும் பழக்கம் ஒழியாத வரை, பதிவு ஆவணத்தை வண்டியின் பிறப்புச் சான்றாக நான் ஏற்பதில்லை. இடப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே உள்ள எஞ்சின் எண்ணும் சட்டத்தின் கழுத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே துணியால் துடைத்துப் பாருங்கள். எண் பொறித்த இடம் அராவியதுபோல் மழமழவென்று பளபளத்தாலோ, எழுத்துகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி நின்றாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஒற்றைக் கார்புரேட்டர் டிஆர்6 வண்டிக்கு இரட்டைக் கார்புரேட்டர் தலையை மாட்டி, எண்ணையும் மாற்றிக் குத்திப் பான்வில் விலைக்குத் தள்ளுவது தரகர்களின் பழைய தொழில். ஆகவே இரண்டு கார்புரேட்டர் இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது.

பேட்டரி இல்லாமல் ஓடும் டியூ வண்டியும் உண்டு என்பது உண்மையே. பந்தயத்துக்கென்று வந்த டி120சி, டிஆர்6சி போன்றவற்றில் ஈ.டி. (எனர்ஜி டிரான்ஸ்ஃபர்) எனப்படும் இக்னிஷன் இருந்தது. சாதாரண வண்டியில் பேட்டரியின் மின்சாரம் காயில் வழியாக ஓடிக்கொண்டிருக்கும். பாயின்ட் திறந்து அதைத் துண்டிக்கும் கணத்தில் பொறி பிறக்கும். ஈ.டி.யில் நடப்பது நேர்மாறானது: மூடியிருக்கும் பாயின்ட், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைத் தன் வழியே திருப்பிவிடும், அது திறந்ததும் மின்சாரம் ஒரே பாய்ச்சலில் காயிலுக்குள் புகுந்து பொறியை எழுப்பும். இதற்கான காயிலும் வேறு. சாதாரண காயிலை அங்கே மாட்டினால் வண்டி உதைக்கு மசியாது, ஈ.டி. காயிலைப் பேட்டரியில் இணைத்தால் கருகிவிடும். ஆல்டர்னேட்டரின் துடிப்பு உச்சத்தில் இருக்கும்போதே பாயின்ட் திறக்க வேண்டும் என்பதால், இடைவெளி சற்றுப் பிசகினாலும் பொறி சோர்ந்துவிடும். உங்கள் முத்திரையில் ‘சி’ இல்லை. ஆகவே பேட்டரியை யாரோ கழற்றிவிட்டுக் கதை சொல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். பேட்டரிக்குப் பதிலாக ஒரு கபாசிட்டரை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இனி சூட்டில் அடிக்கும் கோளாறுக்கு வருவோம். டாங்கிக்குக் கீழே இருக்கும் இரண்டு காயில்களையும் இடம் மாற்றிப் பொருத்தி ஓட்டுங்கள். கோளாறு அடுத்த சிலிண்டருக்குத் தாவினால் காயில்தான் குற்றவாளி. தாவாவிட்டால் அந்தப் பக்கத்துப் பிளக், கண்டன்சர் (பாயின்ட்டில் பொறி பறக்காமல் காப்பது), பாயின்ட் என்ற வரிசையில் பாருங்கள். பாயின்ட் திறக்கும்போது பெரிதாகப் பொறி பறந்தாலோ, அதன் முகம் கருகியிருந்தாலோ கண்டன்சரை மாற்றிவிட்டு, இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வையுங்கள். பான்வில் 1966 பருவத்தில்தான் 12 வோல்ட்டுக்கு மாறியது. அதற்கு முந்திய 6 வோல்ட் காயில் 12 வோல்ட்டில் மாட்டப்பட்டிருந்தாலும் சூடேறித் தகராறு செய்யும்.

கிட் தேவையா என்பதை இவ்வளவும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பேட்டரி தளர்ந்த வண்டியில் கிட் சரியாக வேலை செய்யாது. மேலும், இந்த வண்டிகளில் எர்த் ஆவது, அதாவது சட்டத்தோடு இணைவது, பேட்டரியின் பாசிட்டிவ் முனை என்பதை அறியாத மெக்கானிக் வழக்கம்போல் நெகட்டிவை எர்த் செய்தால், கிட் முதல் நாளே போய்விடும்.