டெஸ்டர் வைரம் என்கிறது, ஆசாரி மொய்சனைட் என்கிறார்: பாட்டியின் தோடு

பாட்டியின் தோட்டில் உள்ள கல்லை டெஸ்டர் வைரம் என்கிறது, ஆசாரியோ மொய்சனைட் (வைரம் போலவே மின்னும், ஆய்வகத்தில் உருவாக்கிய வேறொரு கல்) என்கிறார், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். டெஸ்டர் பீப் அடித்ததை மட்டும் வைத்து வைரம் என்று முடிவுகட்ட முடியாது. பேனா மாதிரி இருக்கும் அந்தச் சாதாரண டெஸ்டர், கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதைத்தான் பார்க்கும். அமெரிக்கன் டைமண்ட் அதில் மாட்டிக்கொள்ளும், மொய்சனைட் வைரம் மாதிரியே சூட்டைக் கடத்துவதால் தப்பிவிடும். வாயால் ஊதி, கல்லில் படியும் ஆவி எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று பார்ப்பதும் இதே காரணத்தால் வீண்.

கல்லை நன்றாகத் துடைத்துவிட்டு, 10 மடங்கு லூப்பில் (நகைக்கடைக்காரர்கள் கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு பூதக்கண்ணாடி) சற்றுச் சாய்த்து, உள்ளே தெரியும் அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் மொய்சனைட். வைரத்தில் ஒற்றைக் கோடுதான். நேர் மேலிருந்து பார்த்தால் இரட்டை தெரியாமல் போகலாம், பலரும் ஏமாறுவது அங்கேதான்.

ஆனால் பாட்டி 1965இல் வாங்கிய தோடு என்கிறீர்கள். நகைக்கல்லாக மொய்சனைட் விற்பனைக்கு வந்ததே 1990களின் கடைசியில்தான். அதனால் லூப்பில் மொய்சனைட் என்று தெரிந்தால், இடையில் யாரோ கல்லை மாற்றியிருக்க வேண்டும். கடைசியாக எப்போது, எங்கே கட்டு (கல்லைப் பதித்திருக்கும் உலோகப் பிடி) பிரித்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பின்பக்கம் மூடிய கட்டு, அதிலும் பொடிக்கல் என்றால் லூப்பும் குழப்பும். அப்போது ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிடுங்கள். கட்டைப் பிரிக்கச் சொன்னால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.