செலவுப் பகிர்வுத் திட்டத்துக்கு மாறலாமா? – பதில்

டெக்சாஸில் சொந்தத் தொழில், மனைவிக்குச் சர்க்கரை, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டுப்படியாகவில்லை, கிறிஸ்தவச் செலவுப் பகிர்வுத் திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள், சகோ. உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் போட்டு, ஒருவர் மருத்துவச் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. மாதத் தொகை குறைவுதான், ஆனால் அது காப்பீடே அல்ல. உங்கள் பில்லைக் கட்டியே தீர வேண்டும் என்ற சட்டக் கடமை திட்டத்தை நடத்துபவர்களுக்குக் கிடையாது. 2021-இல் ஷேரிட்டி என்ற இப்படியொரு திட்டம் திவாலானபோது பல உறுப்பினர்களின் பில்கள் அவர்கள் தலையிலேயே விழுந்தன.

விதிமுறைகளில் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ பகுதியை மட்டுமாவது வரி வரியாகப் படியுங்கள். பல திட்டங்களில் அதற்குக் காத்திருப்புக் காலமோ உச்சவரம்போ இருக்கும். பிடிக்காமல் வெளியே வந்தாலும், அதைக் காரணம் காட்டி வருட நடுவில் காப்பீடு எடுக்க முடியாது. வருடாந்திரச் சேர்க்கை தொடங்கும் நவம்பர் 1 வரை காத்திருக்கணும்.

முதலில் அரசின் காப்பீட்டுச் சந்தையான ஹெல்த்கேர்.கவ் தளத்தில் வருமானத்தை மறுபடி போட்டு, பிரீமியத்தைக் குறைக்கும் வரிச் சலுகை எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். தொழில் செலவு கழித்த நிகர வருமானம்தான் கணக்கு, மொத்த வரவைப் போட்டுவிடாதீர்கள்.