மளிகை விலை ஏறுது, பாக்கெட் சின்னதாகுது: உங்க கேள்விகளுக்கு என் பதில்

எல்லாருக்கும் வணக்கம். 18 வருஷமா வீட்டு மளிகைக் கணக்கை நோட்டு போட்டு எழுதிட்டு வரேன், அதுல எட்டு வருஷம் மொத்த சரக்கு கொள்முதல் பண்ற வேலையிலயும் இருந்தேன். பாக்கெட்ல எழுதியிருக்கிற எடையை நான் விலைக்கு சமமா பார்க்க ஆரம்பிச்சது அங்கதான். நீங்க அனுப்பின கேள்விகளை ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன், ஒரே மாதிரி வந்ததை சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, நான் வழக்கமா வாங்குற பிஸ்கட் பாக்கெட் சின்னதான மாதிரி தோணுது, ஆனா விலை அதே தான் இருக்கு. வீட்ல சொன்னா உனக்கு சும்மா தோணுதுங்கிறாங்க.

பதில்: சும்மா தோணல தம்பி, கண்ணு சரியாதான் பார்த்திருக்கு. எங்க வீட்ல ஒரு கண்ணாடி டப்பா இருக்கு, டீத்தூள் போட்டு வைக்கிறது. முன்னாடி ஒரு பாக்கெட்டை பிரிச்சு கொட்டினா டப்பா கழுத்து வரைக்கும் வந்து நிக்கும், மூடி போடும்போது மேல கொஞ்சம் ஒட்டிக்கும். போன தடவை அதே பாக்கெட், அதே கலர், அதே விலை, கொட்டிப் பார்த்தா கழுத்துக்கு கீழ ரெண்டு விரல் காலியா நிக்குது. உடனே பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன், 250 கிராம்னு எழுதி வச்சிருக்கேன், கையில இருக்கிற கவர்ல 220 கிராம். கவர் உயரம் கொஞ்சம் கூட குறையல, பக்கவாட்டுல தான் ஒடுங்கியிருக்கு.

இதுல ஒரு கணக்கு இருக்கு, தெரிஞ்சா அசந்து போயிடுவீங்க. ஒரு பெட்டியோட நீளம், அகலம், உயரம் மூணுலயும் வெறும் 7 சதவீதம் குறைச்சா உள்ள இருக்கிற இடம் கிட்டத்தட்ட 20 சதவீதம் போயிடும். 7 சதவீதம் கண்ணுக்கு தெரியவே தெரியாது. அதனால கண்ணை நம்பாதீங்க, கவர்ல நிகர எடைன்னு போட்டிருக்கிற நம்பரை மட்டும் பாருங்க.

கேள்வி: இதுக்கு பதிலா நேரா விலையை ஏத்திட்டு போகலாமே, ஏன் இப்படி பண்றாங்க?

பதில்: நமக்கு விலை ஞாபகம் இருக்கும், கிராம் ஞாபகம் இருக்காது. அவ்ளோதான் காரணம். இதுக்கு ஷ்ரிங்க்ஃப்ளேஷன்னு பேரே வச்சுட்டாங்க. பிரிட்டன்ல அரசாங்க புள்ளியியல் அலுவலகம் 2012 ஜனவரில இருந்து 2017 ஜூன் வரைக்கும் கணக்கு எடுத்ததுல 2,529 பொருள் அளவு குறைஞ்சிருந்துச்சு. 2016ல அங்க டோப்லரோன் சாக்லேட் 400 கிராம் பார் 360 கிராம் ஆச்சு, நீளத்தை அப்படியே வச்சுக்கிட்டு நடுவுல இருக்கிற பள்ளத்தை அகலமாக்கிட்டாங்க, முக்கோணத்துக்கு முக்கோணம் நடுவுல காத்து. ஜனங்க அவ்ளோ பேச, 2018ல பழைய வடிவத்துக்கே திரும்பி வந்தாங்க. பேசினா பலன் உண்டுங்கிறதுக்காக இதை சொல்றேன்.

செலவு ஏறினது பொய்னு நான் சொல்ல மாட்டேன். 2022ல உக்ரைன் போர் வந்ததும் கோதுமை, சூரியகாந்தி எண்ணெய் ரெண்டும் உலகம் பூரா எகிறுச்சு, அதே வருஷம் ஏப்ரல் கடைசில இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூணு வாரத்துக்கும் மேல நிறுத்தி வச்சது, 2024ல மேற்கு ஆப்பிரிக்காவுல விளைச்சல் படுத்ததால கோக்கோ ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டுச்சு. இதெல்லாம் நிஜம். என் கோபம் எதுலன்னா சொல்லாம குறைக்கிறதுலயும், மூலப்பொருள் விலை இறங்கின பிறகும் பல பாக்கெட் பழைய எடைக்கு திரும்பாம அப்படியே நிக்கிறதுலயும் தான்.

கேள்வி: எனக்கு கணக்குன்னாலே வராது. கடையில நின்னு எப்படிக்கா கம்பேர் பண்றது?

பதில்: ஒரே ஒரு கணக்கு போதும்மா. போன்ல கால்குலேட்டரை திறந்து விலையை எடையால வகுத்து 100ஆல பெருக்குங்க, 100 கிராம் என்ன விலைன்னு வந்துடும். ரெண்டு பாக்கெட்டுக்கும் அதை போட்டுப் பாருங்க, கம்மியா வர்றது தான் மலிவு. சில கடைகள்ல விலைச் சீட்டுலயே சின்ன எழுத்துல ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு இவ்ளோன்னு போட்டிருப்பாங்க, அப்ப கால்குலேட்டரே வேண்டாம். ஆனா ஒண்ணுல 100 கிராமுக்கும் பக்கத்துல இருக்கிறதுல ஒரு கிலோவுக்கும் போட்டிருப்பாங்க, அதை கவனிச்சுக்கோங்க.

இன்னொண்ணு மனசுல வச்சுக்கோங்க. விலை அதே, எடை 100ல இருந்து 90 ஆச்சுன்னா நம்ம மனசு 10 சதவீதம்னு நினைக்கும், நிஜத்துல கிராமுக்கு விலை 11 சதவீதம் ஏறியிருக்கு. 100 போய் 80 ஆனா 25 சதவீதம். எடையையும் 10 சதவீதம் குறைச்சு விலையையும் 10 சதவீதம் ஏத்தினா மொத்தம் 22 சதவீதம், இந்த ரெண்டும் சேர்ந்து வர்றது தான் வீட்டு பட்ஜெட்டை அடிச்சு போடுது.

எல்லா பொருளுக்கும் இதை பண்ண உட்காராதீங்க, ரெண்டே வாரத்துல சலிச்சுப் போய் விட்டுடுவீங்க. மாசம் தவறாம வாங்குற பத்து பொருளை எடுத்துக்கோங்க. பொருள், எடை, விலை, 100 கிராம் விலை, நாலே நாலு கட்டம் ஒரு தாள்ல.

கேள்வி: "20 சதவீதம் எக்ஸ்ட்ரா ஃப்ரீ"ன்னு போட்டா நம்பி வாங்கலாமா?

பதில்: எதை விட 20 சதவீதம் எக்ஸ்ட்ரான்னு கேளுங்க. 100 கிராமா இருந்தது சத்தமில்லாம 80 ஆயிருக்கும், அதுக்கு மேல 20 சதவீதம் சேர்த்தா 96. பழைய பாக்கெட்டை விட இன்னும் 4 கிராம் கம்மி, ஆனா கவர் மேல பெருசா ஃப்ரீன்னு இருக்கும். உங்க தாள்ல பழைய எடை இருந்தா இது ஒரு நொடியில தெரிஞ்சுடும்.

கேள்வி: பெரிய பாக்கெட்டா வாங்கிப் போட்டா எப்பவும் லாபம் தானே அண்ணி?

பதில்: எப்பவும் இல்ல. ஃபேமிலி பேக்னு பேர் வச்சு கிராமுக்கு விலை அதிகமா இருக்கிறதை நானே நிறைய தடவை பார்த்திருக்கேன், பெருசுன்னா மலிவுன்னு நாம கணக்கு போடாம எடுப்போம்னு தெரிஞ்சே அப்படி வைக்கிறாங்க. சின்ன பாக்கெட் ரெண்டு எடுக்கிறது மலிவா வர்ற நாளும் உண்டு.

மலிவாவே இருந்தாலும் உங்க வீட்ல அது தீர எத்தனை நாள் ஆகும்னு பாருங்க. எண்ணெயை திறந்து வெளிச்சத்துலயும் சூட்டுலயும் வச்சா சிக்கு வாடை வரும், மாவுல வண்டு விழும், பொடிச்ச மசாலா முழு மசாலாவை விட சீக்கிரம் வாசனை போயிடும். சோப்பு, உப்பு, சர்க்கரை மாதிரி கெடாதது பெருசா வாங்கலாம், ஈரம் படாம வச்சா போதும். மத்ததெல்லாம் ரெண்டு மாசத்துல தீர்ற அளவு.

கேள்வி: எண்ணெய்ல ஒண்ணு லிட்டர்னு இருக்கு, ஒண்ணு கிலோன்னு இருக்கு, இன்னொண்ணு 910 கிராம்னு இருக்கு. எது எதுக்கு சமம்?

பதில்: நல்ல கேள்வி, இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. சமையல் எண்ணெய் தண்ணியை விட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் எடை போட்டா சுமார் 910ல இருந்து 920 கிராம் தான் வரும். அப்ப அந்த 910 கிராம் பாக்கெட்டும் ஒரு லிட்டர் பாக்கெட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு கிலோ பாக்கெட்ல சுமார் 1.09 லிட்டர் இருக்கும், லிட்டரும் கிலோவும் ஒரே விலைன்னா கிலோவை எடுங்க. 900 மில்லின்னு போட்டதை லிட்டர்னு நினைச்சு எடுத்துடாதீங்க, பாட்டில் பார்க்க ஒரே உயரம் தான் இருக்கும், அடியில உள்பக்கமா குழி விட்டிருப்பாங்க.

ஐஸ்கிரீம் இதுக்கு நேர் எதிர். அதை மில்லியில விக்கும்போது அந்த அளவுல காத்தும் சேர்த்தி. ரெண்டு டப்பாவும் ஒரே மில்லின்னா கிராம் எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா கையில தூக்கிப் பாருங்க, கனமா இருக்கிறதுல காத்து கம்மி.

கேள்வி: நாங்க தினக்கூலி. அன்னைக்கு வர்ற காசுல அன்னைக்கு வாங்குறோம். பெருசா வாங்கு, சேர்த்து வாங்குன்னு சொல்றது எங்களுக்கு எப்படி ஒத்து வரும்?

பதில்: உங்க கேள்விக்கு தான் ரொம்ப நேரம் யோசிச்சேன் அண்ணா. மொத்தமா வாங்குன்னு சொல்றவங்க, நானும் சேர்த்து, கையில மொத்தமா காசு இருக்கிறவங்க. சின்ன பாக்கெட்லயே வாங்கியாகணும்ங்கிற வீட்டுக்கு தான் இந்த எடை குறைப்பு ரொம்ப வலிக்கும், ஏன்னா அந்த சின்ன விலையை மாத்த முடியாதுன்னு உள்ள இருக்கிற சரக்கை தான் குறைப்பாங்க.

முடிஞ்சதை சொல்றேன். பக்கத்து வீடு ரெண்டு, மூணு பேர் சேர்ந்து ஒரு பெரிய பாக்கெட் வாங்கி எடை போட்டு பிரிச்சுக்கோங்க, ஒரு சமையல் எடை மெஷின் மட்டும் பொதுவா இருந்தா சண்டை வராது. ஒரே வாரத்துல எல்லாத்தையும் மாத்த வேண்டாம், ஒரு பொருள், அதுவும் கெடாத பொருள், முதல்ல அதை மட்டும் பெருசுக்கு மாத்துங்க. அதுல மிச்சமாகுற காசை தொடாம வச்சா சில வாரம் கழிச்சு அடுத்த பொருளுக்கு ஆகும். சில்லறையா எடை போட்டுத் தர்ற இடம் இருந்தா அங்க வாங்குங்க, கேட்ட எடைக்கு தானே காசு. அப்புறம் சாஷே எப்பவும் நஷ்டம்னு நினைக்காதீங்க, சில பொருள்ல பாட்டிலை விட மில்லிக்கு மலிவா இருக்கும், நான் ஷாம்புல பார்த்திருக்கேன்.

கேள்வி: எடை குறையல, விலையும் அதே, ஆனா ருசி மாறிடுச்சு. பழைய மாதிரி இல்ல.

பதில்: அது இன்னொரு வழி, பொருளோட தரத்தை இறக்குறது. கவர் பின்னாடி சேர்மானப் பட்டியலை பாருங்க, எது எடையில அதிகமோ அது முதல்ல வரணும்ங்கிறது நிறைய நாட்டுல இருக்கிற விதி. முதல்ல இருந்த வெண்ணெய் நாலாவதுக்கு போய் அந்த இடத்துல பாமாயிலோ சர்க்கரையோ வந்திருந்தா உங்க நாக்கு சொன்னது சரி. அடிக்கடி வாங்குறதோட காலி கவர் ஒண்ணை மடிச்சு வச்சுக்கோங்க, அடுத்த வருஷம் பக்கத்துல வச்சு படிச்சுப் பார்க்க. பேர் தெரியாத மலிவு பிராண்டுக்கு மாறலாமான்னு கேட்டவங்களுக்கும் இதே பதில் தான், ரெண்டு பட்டியலும் ஒரே வரிசையா இருந்தா தைரியமா மாறுங்க.

கேள்வி: இதை தடுக்க சட்டமே இல்லையா?

பதில்: குறைக்கவே கூடாதுன்னு நான் எங்கயும் பார்க்கல, குறைச்சா சொல்லணும்னு சில நாட்டுல கொண்டு வந்திருக்காங்க. பிரேசில்ல 2002லயே விதி வந்துச்சு, அளவு மாறினா கவர்லயே போடணும். பிரான்ஸ்ல 2024 ஜூலை 1ல இருந்து 400 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற கடைகள் எடை குறைஞ்ச பொருள் பக்கத்துல ரெண்டு மாசம் அறிவிப்பு வைக்கணும். தென் கொரியாவுல 2024 ஆகஸ்ட்ல இருந்து தயாரிப்பாளர் மூணு மாசம் சொல்லியாகணும், இல்லன்னா அபராதம். எல்லா இடத்துலயும் இது வரணும்னு நான் ஆசைப்படுறேன். ஆனா கவர்ல போட்ட எடையை விட உள்ள கம்மியா இருந்தா அது வேற விஷயம், அது நேரடி ஏமாத்து வேலை, கவரோட எடை போட்டு போட்டோ எடுத்து எடையளவு அதிகாரிகளுக்கு புகார் குடுங்க.

கேள்வி: 50 கிராமுக்கு போய் இவ்ளோ பாடான்னு வீட்டுக்காரர் கேக்குறார்.

பதில்: வாரம் ஒரு பாக்கெட்னா வருஷத்துக்கு 2.6 கிலோ. ஒரே ஒரு பொருள்ல. அதை அவர்கிட்ட சொல்லுங்க.

அதோட வீட்டுக்குள்ளயும் ஒரு ஓட்டை இருக்கு, அதையும் பார்க்கணும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட கணக்குப்படி 2022ல உலகத்துல 105 கோடி டன் உணவு குப்பைக்கு போச்சு, அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து. ஒரே ஒரு வாரம், தூக்கிப் போடுற ஒவ்வொண்ணையும் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டின தாள்ல எழுதுங்க. நாங்க எழுதினப்ப வாடின கீரையும் காஞ்ச ரொட்டியும் தான் பாதி தாள். அதுக்கப்புறம் ரொட்டி வாங்கின அன்னைக்கே பாதியை ஃப்ரீசர்ல வச்சுடுறோம், கீரையை வாங்கின மறுநாளே சமைச்சுடுறோம், ரொட்டியை தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சு.

கேள்வி: அம்மா எழுதி வச்ச கேக் குறிப்புல "மாவு ஒரு பாக்கெட், வெண்ணெய் ஒரு பாக்கெட்"னு இருக்கு. அப்படியே பண்றேன், தளதளன்னு வருது, நிக்கவே மாட்டேங்குது. இதுவும் அதனாலயா அக்கா?

பதில்: அதனால தான்மா இருக்கும். ரெண்டு பாக்கெட்டும் ஒரே அளவுல குறைஞ்சிருக்காது, மாவு அதிகமா குறைஞ்சிருந்தா கலவை இளகிடும். உங்க அம்மா காலத்துல அந்த பாக்கெட் எவ்ளோ கிராம் இருந்துச்சுன்னு அவங்களையோ அந்த வயசுல யாரையாவதோ கேட்டுப் பாருங்க, அந்த எடைக்கு மாவை கூட்டிப் போட்டுப் பாருங்க. சரியா வந்ததும் அந்த குறிப்புல பாக்கெட்னு இருக்கிற இடத்துக்கு பக்கத்துல பென்சிலால கிராமை எழுதி வச்சிடுங்க.