வாசகர் கேள்வி: கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் புகையிலை

எனக்கு 4-வது மாதம். பல வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறேன். புகை பிடித்தால்தான் பிள்ளைக்குக் கெடுதல், மென்றால் ஒன்றும் ஆகாது என்கிறார் மாமியார். நிறுத்தினால் தலைவலி, குமட்டல். என்ன செய்யட்டும்?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

புகை பிடிப்பவர் ரத்தத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு உங்களுக்குச் சேராது. மாமியார் சொன்னதில் அந்த அளவுக்குத்தான் உண்மை. ஆனால் புகையிலையில் இருக்கும், அடிமைப்படுத்தும் பொருளான நிகோடின் தாராளமாகவே சேர்கிறது. கன்னத்தில் ஒதுக்கிய புகையிலையிலிருந்து அது வாயின் உட்தோல் வழியே ரத்தத்தில் இறங்குகிறது. கூடவே தடவும் சுண்ணாம்பு அதை இன்னும் வேகப்படுத்துகிறது. நஞ்சுக்கொடியைத் தாண்டி நிகோடின் குழந்தைக்குப் போகிறது, ரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. எடை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறப்பது, குறைப்பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறப்பது ஆகிய மூன்றுக்கும் மெல்லும் புகையிலையும் காரணமாகிறது.

குழந்தை எடை போடுவது பெரும்பாலும் கடைசி 3 மாதத்தில்தான். அதனால் இப்போது விட்டாலும் பலன் நிறைய. ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அடியோடு நிறுத்துங்கள். புகையிலையை மட்டும் விட்டு வெற்றிலை, பாக்கைத் தொடர்ந்தால் கை தானாகப் பழைய பொட்டலத்துக்குப் போகும். பாக்குக்கும் அடிமைப்படுத்தும் குணம் உண்டு, ஆகவே பெட்டியையே வீட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள். சாப்பிட்டதும் நமநமக்கும் வாய்க்குக் கொஞ்சம் சோம்பு போதும். ஏக்கம் வந்தால் வாய் கொப்பளித்துவிட்டு நாலு எட்டு நடங்கள். 5 நிமிஷத்தில் தணிந்துவிடும். முதல் 3 நாள்தான் கடினம். தலைவலி, எரிச்சல், மலச்சிக்கல் எல்லாம் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். குமட்டலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள்.

பழக்கத்தை நிறுத்த உதவும் நிகோடின் சூயிங்கத்தை நீங்களாக மருந்துக்கடையில் வாங்க வேண்டாம். கர்ப்பத்தில் அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். அடுத்த பரிசோதனையில் இந்தப் பழக்கத்தை நர்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். தெரிந்தால்தானே குழந்தையின் வளர்ச்சியை அவர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்க முடியும்?

கர்ப்பத்தில் சிகரெட்டை விட்டிருந்தேன். குழந்தைக்கு 3 மாதம் ஆன நிலையில் மறுபடி தினம் 2, 3 பிடிக்கிறேன். தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா?
– வாசகி, சென்னை

நிறுத்த வேண்டியது சிகரெட்டை. தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். தூக்கமின்மையும் அலுப்பும் சேரும் இந்த மாதங்களில் பழக்கம் திரும்புவது சகஜம். அதற்காகக் கூனிக் குறுக வேண்டாம். நிகோடின் பாலில் வரும், பால் சுரப்பையும் குறைக்கும். ஆனாலும் நோய்த்தொற்றிலிருந்து தாய்ப்பால் தரும் பாதுகாப்பைப் புட்டிப்பால் தராது.

முழுக்க விடும்வரை, பால் கொடுத்து முடித்த பிறகே பிடியுங்கள். பாலில் உள்ள நிகோடின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வெளியே போய்ப் பிடித்து, சட்டையை மாற்றி, கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். பால்கனியும் திறந்த ஜன்னலும் போதாது. இன்னொன்று மிக முக்கியம்: அம்மாவோ அப்பாவோ புகைப்பவராக இருந்தால், வெளியில் பிடித்தாலும்கூட, குழந்தையை அதே மெத்தையில் படுக்க வைக்காதீர்கள். தூக்கத்தில் குழந்தை திடீரென இறக்கும் ஆபத்து அதனால் கூடுகிறது. அதே அறையில் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

வீட்டில் பீடி சுற்றுகிறேன். கைக்குழந்தை இருக்கிறது. பீடி குடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. பயமில்லையே?
– வாசகி, தென்காசி மாவட்டம்

குடிக்காவிட்டாலும் புகையிலைத் தூள் கைத்தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகிறது. தொட்டில் இருக்கும் அறையில் சுற்றாதீர்கள். வேலைக்கென்று ஒரு பழைய சேலையை ஒதுக்கி, அதை மாற்றி, முழங்கை வரை கழுவிய பிறகு பால் கொடுங்கள். தரையை ஈரத்துணியால் துடையுங்கள்; பெருக்கினால் தூள் பறக்கும். தவழ ஆரம்பித்ததும் முறத்தையும் தூளையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை தூளை வாயில் போட்டுவிட்டால் வாயைத் துடைத்து எடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எச்சில் ஒழுகுவது, வெளிறுவது, வாந்தி போன்றவை தெரியும்வரை காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.